வள்ளி: கிழங்குக் குழியிலிருந்து எழுந்த பெயர்

என் அக்காவின் பெயர் வள்ளி. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தெருவில் மட்டும் அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். தெருவில் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. பள்ளிக்கூடத்தில்தான் அவளை 'வள்ளிக்கிழங்கு' என்று கூப்பிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் தொடங்கிய கேலி எட்டாம் வகுப்பு வரை ஓயவில்லை. ஒரு நாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, "எனக்கு ஏன்ம்மா இந்தப் பேரு வச்சீங்க?" என்று கேட்டாள். அம்மா அவள் தலையைத் தடவி, "ஏட்டி, அது கிழங்கு பேரு இல்ல. திருச்செந்தூர் முருகன் பொண்டாட்டி பேரு. சாமி பேரு" என்று சமாதானம் சொன்னார்.

அம்மா சொன்னது சரி. கேலி செய்த பிள்ளைகள் சொன்னதும் சரி என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சாமிக்கே பெயர் கிழங்கிலிருந்துதான் வந்தது. கொடி முதலில், கொடியின் அடியில் விளைந்த கிழங்கு அப்புறம், அந்தக் கிழங்கைத் தோண்டித் தின்ற மலைமக்களின் மகள் அதற்கும் அப்புறம். வள்ளி என்ற பெயரின் வரலாறு இந்த வரிசையில்தான் போகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்று அக்காவுக்கு அன்றைக்கே சொல்ல ஒருவர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். வள்ளி என்றால் கொடி. எதையாவது பற்றிச் சுற்றிக்கொண்டு ஏறும் கொடி. 'வள்' என்ற அடிக்கு வளைதல் என்ற பொருள் உண்டு. வளை, வளையம், வளையல், வளாகம் எல்லாம் அந்தக் குடும்பம். வளைந்து சுற்றுவதால் கொடிக்கு வள்ளி என்று பெயர் வந்தது. மலையாளத்தில் இன்றும் கொடியை வள்ளி என்றே சொல்கிறார்கள். அங்கே இகரத்துக்காக எழுத்தின் மேல் போடும் சுழிக்கும் வள்ளி என்றுதான் பெயர். 'வள்ளிபுள்ளி விடாமல்' என்றால் ஒரு சுழி, ஒரு புள்ளிகூட விட்டுப்போகாமல் என்று அர்த்தம். கொடியின் சுருள் எழுத்துக்குள் போய் உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. கன்னடத்தில் நம் வகரம் பகரமாகும், வேர் என்பது பேரு ஆவதுபோல. அதனால் அங்கே பள்ளி, அதாவது 'பயம்' என்பதில் வரும் பகர ஒலியைப்போல் அழுத்தி, கொடியைக் குறிக்கிறது.

வடமொழியிலும் 'வல்லீ' உண்டு. அங்கும் பொருள் கொடிதான். தைத்திரீய உபநிடதத்தின் பகுதிகளுக்கு சிக்ஷாவல்லி, பிரம்மானந்தவல்லி, பிருகுவல்லி என்றுதான் பெயர். எனவே வடமொழியிலும் அது நேற்று வந்த சொல் இல்லை. எது எதிலிருந்து போனது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் கணிப்பைச் சொல்கிறேன். தமிழில் 'வளை' போன்ற உறவுச் சொற்களோடு கூட்டமாக நிற்கிறது வள்ளி. தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் நா மடங்கிச் சொல்லும் ளகரம்தான் இருக்கிறது. வடமொழியிலிருந்து நாம் வாங்கியிருந்தால் அது லகரமாகவே தங்கியிருக்கும். அப்படி வாங்கிய வடிவம் நம்மிடம் தனியாக இருக்கவும் செய்கிறது: கும்பகோணம் சாரங்கபாணி கோயிலின் கோமளவல்லி, நாகப்பட்டினத்தின் சௌந்தரவல்லி, கோவில்பட்டியின் செண்பகவல்லி. ஆகவே ளகர வள்ளி நம் மண்ணின் சொல் என்றே நினைக்கிறேன்.

இந்த ல, ள வேறுபாடு வெறும் எழுத்துச் சங்கதி என்று விட்டுவிட முடியாது. அக்காவின் அடையாள அட்டை ஒன்றில் 'வல்லி' என்று அச்சாகி வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரை யாரோ தமிழுக்கு மாற்றியதில் வந்த வினை. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு எளிய வழி சொல்லலாம். முன்னால் கனகம், கோமளம், செண்பகம், அமுதம் என்று ஒரு சொல் வந்து பின்னால் ஒட்டினால் பெரும்பாலும் வல்லி. தனியாக நின்றாலும், அம்மை, அம்மாள், நாயகி, மயில், கண்ணு என்று பின்னால் ஒன்று சேர்ந்தாலும் வள்ளி. முருகனோடு தொடர்பு இருந்தால் முன்னால் எது வந்தாலும் வள்ளிதான்: குறவள்ளி, தெய்வவள்ளி, ஸ்ரீவள்ளி.

இப்போது கிழங்குக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

வள்ளிக்கிழங்கு என்றதும் இன்று நம் மனதில் வருவது சர்க்கரைவள்ளி. பொங்கல் சமயத்தில் சந்தையில் சிவப்பாகக் குவிந்து கிடக்குமே, அது. ஆனால் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஐரோப்பியர்கள் கடல் கடந்து வரும் வரை இரண்டையும் நம் ஆட்கள் பார்த்ததே இல்லை. புதிதாக வந்த கிழங்குகளுக்குப் பெயர் தேடியபோது கையில் ஏற்கெனவே இருந்த பழைய பெயரை எடுத்து, இனிப்பாக இருந்ததற்குச் சர்க்கரைவள்ளி என்றும், மரம்போல நிமிர்ந்து வளர்ந்ததற்கு மரவள்ளி என்றும் சொல்லிவிட்டார்கள். மரவள்ளியைப் பாருங்கள். அது கொடியே இல்லை. நேராக நிற்கும் செடி. ஆனாலும் வள்ளி ஆகிவிட்டது. அப்படியென்றால் அதற்கு முன்பே வள்ளி என்ற சொல் கொடி என்ற பொருளிலிருந்து இறங்கி, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு என்ற பொருளுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது.

பழைய வள்ளி எது? காட்டில் மரங்களைச் சுற்றி ஏறும் ஒருவகைக் கொடி. அதன் கிழங்கு மண்ணில் ஆழமாக இறங்கியிருக்கும். பழனி மலைப் பளியர்களும் ஆனைமலைக் காடர்களும் கம்பால் தோண்டி எடுத்து உண்டு வாழ்ந்த காட்டுக் கிழங்குகள் இந்தக் குடும்பத்தவை. யாழ்ப்பாணத்தில் ஊதா நிறத்தில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்களே, அந்த இராசவள்ளியும் இதே குடும்பம்தான். இந்தக் கொடிக்கு ஒரு குணம் உண்டு. கோடையில் மேலே இருக்கும் கொடி காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். உயிர் முழுக்கக் கீழே கிழங்கில் ஒடுங்கியிருக்கும். மழை விழுந்ததும் அதே இடத்திலிருந்து முளைத்து மறுபடியும் ஏறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கிழங்கு நம் இலக்கியத்தில் வருகிற இடம் ஒரு போர்க்களம். பாரியின் பறம்பு மலையை மூவேந்தர்களும் முற்றுகையிட்டு நிற்கிறார்கள். இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் பறம்பு என்று சொல்வார்கள். உணவு உள்ளே போகாமல் தடுத்தால் பாரி பணிந்துவிடுவான் என்பது அவர்கள் கணக்கு. அவர்களைப் பார்த்துக் கபிலர் பாடியது புறநானூற்றின் 109ஆம் பாட்டு. உழவர் உழாமலே அந்த மலையில் நான்கு விளைகின்றன என்கிறார். மூங்கில் நெல் ஒன்று. பலாப்பழம் இரண்டு. நான்காவது தேன். மூன்றாவதுதான் நம்முடையது: "கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே." செழித்த கொடியை உடைய வள்ளியின் கிழங்கு தானாகக் கீழே இறங்கி விளைந்து நிற்கும் என்கிறார். மூன்று பேரரசர்களின் படையும் ஒரு சின்ன மலையைப் பட்டினி போட்டுப் பணிய வைக்க முடியாது என்று அவர் அத்தனை உறுதியோடு சொன்னதற்கு இந்தக் கிழங்கும் ஒரு காரணம். யாரும் விதைக்காமல், யாரும் நீர் பாய்ச்சாமல், பஞ்சத்திலும் முற்றுகையிலும் மலைமக்களைக் காப்பாற்றிய உணவு அது. அதன் பெயரைத் தங்கள் மகளுக்கு வைத்தார்கள் என்றால் எந்த மனதோடு வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பெண்ணின் பெயராக வள்ளி எப்போது வருகிறது? சங்கப் பாடல்களில் தெளிவாக வருவது நற்றிணை 82ஆம் பாட்டில். அம்மூவனார் பாடியது. மலைநாட்டுப் பெண் ஒருத்தியிடம் தலைவன் பேசுகிறான். "முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல" நீ இருக்கிறாய், உன் உருவம் என் கண்ணைக் கூசச் செய்கிறது, என்னால் பார்க்க முடியவில்லை என்கிறான். முருகனோடு சேர்ந்து நடந்து போன வள்ளியைப் போல என்பது பொருள். இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. வள்ளி யார், முருகனோடு ஏன் போனாள் என்று அவன் விளக்கவே இல்லை. கேட்பவளுக்குத் தெரியும், பாட்டைப் படிப்பவர்களுக்கும் தெரியும். அதாவது இந்தப் பாட்டு எழுதப்பட்ட காலத்திலேயே அது ஊரறிந்த பழங்கதை. இன்னொன்றும் உண்டு. இந்தப் பெயர் இங்கே கோயில் பூசையில் வரவில்லை, ஒரு காதலனின் வாயில் வருகிறது.

திருமுருகாற்றுப்படை முருகனின் ஆறு முகங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. ஒரு முகம் உலகின் இருள் நீங்க ஒளி தருகிறது, இன்னொன்று வரம் கொடுக்கிறது, வேறொன்று அந்தணர் வேள்வியைக் காக்கிறது. கடைசி முகத்துக்கு வந்ததும், "குறவர் மடமகள் கொடிபோல் நுசுப்பின் மடவரல் வள்ளியொடு நகையமர்ந் தன்றே" என்கிறது. ஐந்து முகத்துக்கும் ஊர்வேலை இருக்கிறது. ஒரு முகத்துக்கு வள்ளியோடு சிரித்துக்கொண்டிருப்பதுதான் வேலை. 'கொடிபோல் இடை' என்று சொல்லி அடுத்த சொல்லாகவே வள்ளியைக் கொண்டுவந்து, பெயரின் பொருளையும் புலவர் பக்கத்திலேயே வைத்துவிட்டார். இந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறைந்துவிடும்.

தொல்காப்பியத்திலும் வள்ளி உண்டு, ஆனால் அங்கே வேறு பொருள்களில். போர்த்துறைகளைச் சொல்லும்போது "வாடா வள்ளி" என்று ஒரு துறை வருகிறது. அது வள்ளிக்கூத்து என்ற ஆட்டம். பெரும்பாணாற்றுப்படையிலும் "வாடா வள்ளி" வருகிறது. காய்ந்துபோகிற கொடி வள்ளி ஒன்று இருக்க, இது வாடாத வள்ளி, அதாவது ஆடுகிற வள்ளி என்று பிரித்துச் சொல்கிறார்கள். கோடையில் கொடி காய்ந்து மறையும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? அதைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் இப்படி ஒரு பெயர் தோன்றும். இன்னோர் இடத்தில் "கொடிநிலை கந்தழி வள்ளி" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது தொல்காப்பியம். அங்கே வள்ளி என்பதற்கு நச்சினார்க்கினியர் தண்கதிர் மண்டிலம், அதாவது நிலா என்று உரை எழுதினார். மற்ற உரைகள் வேறு மாதிரிப் போகின்றன. நிலா என்ற பொருள் வேறெங்கும் வேரூன்றவில்லை. ஆனாலும் தன் மகளுக்கு வள்ளி என்று வைக்கும் ஒருவர், இதற்கு நிலா என்றும் ஒரு பொருள் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயரின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் பரிபாடலின் 9ஆம் பாட்டைத்தான் காட்டுவேன். குன்றம்பூதனார் திருப்பரங்குன்றத்து முருகனைப் பாடியது. முருகனுக்கு இரண்டு மனைவியர். தேவசேனை முறைப்படி மணம் செய்து கொடுக்கப்பட்டவள். வள்ளி யாரும் கொடுக்காமல், தானே விரும்பிச் சேர்ந்தவள். இருவருக்கும் சண்டை வருகிறது. அவர்களுடைய தோழியர், மயில்கள், கிளிகள் எல்லாம் கட்சி பிரிந்து மோதுகின்றன. இந்தச் சண்டையைச் சொல்வதற்கு முன்னால் புலவர் நான்மறை ஓதும் புலவர்களைக் கூப்பிட்டு, கேளுங்கள் என்று சொல்லி, மனம் ஒத்த இருவர் தாமாகச் சேரும் "காதற் காமம்"தான் காமத்தில் சிறந்தது என்கிறார். "தண்டமிழ் ஆய்வந்திலார் கொள்ளார் இக்குன்று பயன்" என்று அடித்துப் பேசுகிறார். களவின், அதாவது மணத்துக்கு முன் மறைவாக நடக்கும் காதலின், இலக்கணம் சொல்லும் தமிழை ஆராயாதவர்களுக்கு இந்தக் குன்றின் பயன் கிடைக்காது என்பது பொருள். வள்ளி என்ற பெயர் அன்றைக்கே வெறும் தெய்வப் பெயராக இல்லை. ஒரு பெண் தன் துணையைத் தானே தேர்ந்துகொள்வது உயர்ந்தது என்ற கருத்துக்கே பெயராக இருந்தது. சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவையில் மலைப்பெண்கள் ஆடிப் பாடும்போது "குறமகள் அவளெம் குலமகள்" என்று உரிமை கொண்டாடுகிறார்கள். அவள் எங்கள் வீட்டுப் பெண் என்கிற பெருமை அது.

பெயர் வந்த கதையை முழுசாகச் சொல்வது கந்தபுராணம். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் எழுதிய அந்த நூல், வள்ளியம்மை திருமணப் படலத்தோடுதான் முடிகிறது. மலையில் தவம் செய்த முனிவர் ஒருவரின் பார்வை பட்டு ஒரு மான் கருவுறுகிறது. வேட்டுவப் பெண்கள் வள்ளிக்கிழங்கு தோண்டி எடுத்த குழியில் அது ஒரு பெண் குழந்தையை ஈன்றுவிட்டு, தன் இனம் இல்லையே என்று மிரண்டு ஓடிவிடுகிறது. பெண் குழந்தை இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்த வேடர் தலைவன் நம்பி அந்தக் குழந்தையை எடுக்கிறான். வள்ளிக் குழியில் கிடைத்ததால் வள்ளி என்று பெயர். அப்புறம் அவள் பரண்மேல் நின்று தினைப்புனம் காப்பதும், முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வருவதும், விநாயகர் யானையாக வந்து உதவுவதும் ஊருக்கே தெரிந்த கதை.

இந்தக் கதையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வள்ளி முற்பிறவியில் திருமாலின் மகள் என்றும், அப்போது அவள் பெயர் சுந்தரவல்லி என்றும் கந்தபுராணம் சொல்கிறது. தேவசேனை அமுதவல்லி. சங்கப் பாட்டில் இப்படி ஒரு முன்கதை இல்லை. அங்கே அவள் குறவர் மகள், அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு குறப்பெண்ணைக் கடவுள் மணந்தார் என்பதைப் பிற்காலத்தால் அப்படியே ஏற்க முடியவில்லை, அவளுக்கு ஒரு மேலிடத்துப் பிறப்பு தேவைப்பட்டது என்று தோன்றுகிறது. ஆனால் எழுத்தைப் பாருங்கள். மேலுலகத்தில் இருந்தவரை லகரத்தில் சுந்தரவல்லி. மலையில் கிழங்குக் குழியில் பிறந்ததும் ளகரத்தில் வள்ளி. பெயர் எந்த மண்ணுக்குச் சொந்தம் என்பதைப் புராணத்தின் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சைவ தத்துவத்தில் பின்னால் வேலை ஞான சக்தி என்றும், தெய்வயானையைக் கிரியா சக்தி என்றும், வள்ளியை இச்சா சக்தி என்றும் வைத்தார்கள். இச்சை என்றால் விருப்பம். அந்தப் பங்கீட்டிலும் விருப்பம் வள்ளியிடம்தான் வந்து சேர்ந்தது.

கதை நடந்த இடமாகச் சொல்லப்படும் வள்ளிமலை, வேலூர் மாவட்டத்தில் மேல்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே மலையில் 9ஆம் நூற்றாண்டில் கங்க அரசன் இராசமல்லன் காலத்துச் சமணக் குகையும் சிற்பங்களும் உண்டு. தெற்கே வள்ளியூர், திருச்செந்தூர்க் கடற்கரையில் வள்ளிக் குகை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வள்ளி இடம். கடல் தாண்டிக் கதிர்காமத்துக்குப் போனால் அங்கே வேடர்கள் வள்ளி எங்கள் குலத்துப் பெண் என்கிறார்கள். குன்றக்குரவையின் அதே உரிமைக் குரல்தான். ஆடி மாத வாக்கில் நடக்கும் கதிர்காமத் திருவிழாவில் இரவுதோறும் ஊர்வலம் பெரிய கோயிலிலிருந்து கிளம்பி வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறது. முருகன் வள்ளியைத் தேடிப் போகிறான். சிங்கள பௌத்தர்களும் வள்ளி அம்மா என்று சொல்லித்தான் அங்கே கும்பிடுகிறார்கள். குறிஞ்சிப் பெண் ஒருத்தியின் பெயர் இரண்டு மொழிக்காரர்களின் வாயிலும் ஒரே மாதிரி ஒலிப்பது கதிர்காமத்தில்தான்.

புலவர்கள் வைத்திருந்த பெயர் சாதாரண வீடுகளுக்குள் இவ்வளவு பரவியதற்குக் கோயில் மட்டும் காரணமில்லை, நாடக மேடையும் காரணம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. அதில் கூட்டம் காத்திருப்பது வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்காக. எழுதிய வசனத்தோடு நிற்காமல் மேடையிலேயே கேள்வி கேட்டு, பதில் சொல்லி, பாடி மடக்க வேண்டும். வள்ளி வேடம் கட்டுபவருக்குப் புத்தியும் குரலும் ஒன்றுக்கொன்று குறையாமல் இருக்க வேண்டும். ஊர்ப்பெண்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒரு பெண் நாரதரைப் பேச்சில் மடக்குவதைப் பார்த்து வளர்ந்தார்கள். கொங்கு நாட்டில் அதே கதை வள்ளிக் கும்மியாக ஆடப்படுகிறது. ஆண்களே ஆடிவந்த அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இப்போது கும்மி ஆடும் கூட்டங்களில் பெண்களும் சிறுமிகளும் நிறைந்திருக்கிறார்கள். தொல்காப்பியம் சொன்ன வள்ளிக்கூத்துக்கும் இதற்கும் நேர்த்தொடர்ச்சி உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வள்ளியின் பெயரால் நம் மக்கள் ஆடுவது மட்டும் நின்றபாடில்லை.

ஆண்களும் இந்தப் பெயரிலிருந்து பெயர் எடுத்தார்கள். திருநெல்வேலியில் வள்ளிநாயகம். செட்டிநாட்டில் வள்ளியம்மைக்கு இணையாக வள்ளியப்பன், அழகம்மைக்கு அழகப்பன்போல. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) அந்த வழியில் வந்த பெயர். யாழ்ப்பாணத்தில் வள்ளிபுரம் என்பதே ஆண்களின் பெயராக இருக்கிறது. மனைவியின் பெயரால் அறியப்படும் கடவுள் என்பது மற்ற இடங்களிலும் உண்டுதான். ஆனாலும் வள்ளி மணாளன் என்று சொல்லும்போது முருகனின் பெருமையே வள்ளியை அடைந்ததுதான் என்ற தொனி வந்துவிடுகிறது. அருணகிரிநாதர் "தெய்வ வள்ளி கோன்" என்று சொல்லும் இடத்தில் அது நன்றாகக் கேட்கும்.

இந்தப் பெயரைத் தாங்கிய மனிதப் பெண்களில் ஒருத்தியைச் சொல்லாமல் கட்டுரையை முடிக்க முடியாது. தில்லையாடி வள்ளியம்மை. 1898 பிப்ரவரி 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். அம்மாவின் ஊரான தில்லையாடி பெயரோடு ஒட்டியிருக்கிறது, ஆனால் அந்த ஊரை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. 1913இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று ஆக்கியது. நம் பெண்களின் மணவாழ்க்கையே சட்டத்தின் கண்ணில் இல்லாததாகிவிட்டது. அதோடு ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்கள்மேல் 3 பவுன் வரியும் இருந்தது. இவற்றை எதிர்த்துக் காந்தி நடத்திய போராட்டத்தில் வள்ளியம்மை இறங்கி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றாள். சிறையில் காய்ச்சல் கண்டது. படுத்த படுக்கையாகக் கிடந்தவளிடம், சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டார். இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்றாள். 1914 பிப்ரவரி 22, அவளுடைய 16ஆவது பிறந்தநாள், அன்றே இறந்தாள். தாங்கள் ஏற்ற மணவாழ்க்கை செல்லும் என்று நிலைநாட்டப் போராடிய பெண்ணுக்குப் பெயர் வள்ளி என்று அமைந்ததை நான் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் பரிபாடலைப் படித்தபிறகு அந்தத் தற்செயலை என்னால் மறக்க முடியவில்லை. அவளுடைய கல்லறை ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் இருக்கிறது.

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு வெறும் வள்ளி என்று பெயர் வைப்பதை என் சுற்றத்தில் அதிகம் பார்க்கவில்லை. பழைய பெயர், கிராமத்துப் பெயர் என்கிறார்கள். ஆச்சியின் பெயரை விடக்கூடாது என்பதற்காக ஏட்டில் வள்ளி என்று எழுதிவிட்டு, கூப்பிட வேறொரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டே அசையில் முடிகிற, எந்த ஊர்க்காரராலும் சொல்ல முடிகிற, 2,000 வருடப் பாட்டுகளில் பதிந்திருக்கிற பெயர் இது. பெயர் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், அம்மை, அம்மாள் என்று எதுவும் சேர்க்காமல் வள்ளி என்று மட்டும் வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ளகரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கம் பொங்கல் படையலில் கிழங்குகள் இல்லாமல் இருக்காது. சிறுகிழங்கு, சேனை, பனங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு எல்லாம் இலையில் ஏறும். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து கிழங்குகளை மண் போகக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கபிலரின் அந்தப் பாட்டைப் படித்துக் காட்டி, மூன்று ராஜாக்களின் கதையையும் சொன்னேன். அவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அந்த மூணாவது வரிய இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன்.